என் பங்குக் கரை

எங்கள் திருச்சியில் பிரசவம் ஆன பெண்ணைப் பார்க்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பால் இருக்கா?" என்பதுதான். ஆணா பெண்ணா, என்ன எடை என்பதெல்லாம் ஃபோனிலேயே தெரிந்துவிடும். எனக்கு அந்தக் கேள்விக்கு நேரான பதில் இருக்கவில்லை. பால் இருந்தது, போதவில்லை. அந்த மாதங்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். சிவன் கருணை உள்ளவன் என்று சின்ன வயதிலிருந்து பாடி வளர்ந்தவள் நான். அந்தக் கருணையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. பிள்ளை பெற்று வீட்டில் படுத்திருக்கும் பெண்களும், அவர்களுடைய அம்மாக்களும், கணவர்களும் இதைப் படித்தால் நல்லது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிசேரியன். ரத்தம் நிறையப் போய்விட்டது, ஏற்ற வேண்டியிருந்தது. முதல் நாட்களில் சீம்பால் சொட்டுச் சொட்டாக வந்தது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. பிறந்த அன்று குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவு கிடைத்தாலே போதும். பொதுவாக மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் மார்பு கனத்துப் பால் கட்டும். எனக்குக் கட்டவில்லை. சிசேரியன் ஆனால் தள்ளிப்போகலாம், ரத்தப்போக்கு அதிகமானால் இன்னும் தள்ளிப்போகலாம், தைராய்டு, சர்க்கரை இருந்தால் குறையலாம் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

பிறந்த குழந்தையின் எடை முதல் வாரத்தில் கொஞ்சம் இறங்கித்தான் ஏறும். 7 சதவீதம் வரை இறங்கினால் சும்மா கவனித்துக்கொண்டிருப்பார்கள். 10 சதவீதத்தைத் தாண்டினால் ஏன் என்று பார்ப்பார்கள். என் மகளுக்குத் தாண்டியது. ஈரத்துணிகளும் குறைந்தன. குழந்தைகள் டாக்டர் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க குடுக்கறத நிறுத்தாதீங்கம்மா. ஒவ்வொரு தடவையும் முதல்ல உங்க பால், அதுக்கு மேல இது" என்று சொல்லிப் பவுடர் பால் எழுதிக் கொடுத்தார்.

அந்த டின்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது என்ற வாசகம் அதில் பெரிய எழுத்தில் இருக்கும். 1992ல் வந்த சட்டப்படி எல்லா டின்னிலும் இருந்தாக வேண்டும். தாயின் படமோ குழந்தையின் படமோ போடக் கூடாது, விளம்பரமும் செய்யக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். நல்ல சட்டம். நன்றாகப் பால் சுரக்கும் பெண்களிடமும் பவுடரை விற்றுக் காசு பார்த்த காலம் ஒன்று உண்டு. அதைத் தடுக்க வந்த சட்டத்தை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் நடு ராத்திரியில், தையல் இழுக்க இழுக்க, குழந்தையின் அழுகையைக் கேட்டுக்கொண்டே பவுடரை அளக்கிறவளுக்கு அந்த வரி எப்படி இருக்கும்? சிறந்ததைக் கொடுக்காதவள் என்று எழுதியிருப்பதாகத்தான் நான் படித்தேன். கரண்டியை மட்டம் தட்டும்போது டின்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அப்போது வந்தது.

வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். பாலில் வேகவைத்த பூண்டு, முருங்கைக்கீரை, வெந்தயக் களி எல்லாம் வேளை தவறாமல் வரும். சைவ வீடு என்பதால் சுறாப் புட்டு மட்டும் வரவில்லை. ஆனால் தட்டை வைத்துவிட்டு, "இன்னைக்குப் பரவாயில்லையா?" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு வாயில் வைத்தது இறங்காது. பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "குடுக்கணும்னு மனசிருந்தா பால் தானா சுரக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். எனக்கு அது பல மாதம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் மாலையில் விளக்கேற்றியதும் சிவபுராணம் சொல்வது வழக்கம். 95 அடிகள். எனக்கு அப்போது உட்கார முடியாது, படுத்தபடியே உதட்டுக்குள் சொல்வேன். "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு" என்ற இடம் வரும்போது நின்றுவிடுவேன். கண்ணில் தண்ணீர் வந்துவிடும், அதற்குமேல் போகாது. திருவாசகத்தில் இன்னொரு வரி, "பால்நினைந் தூட்டும் தாயினும் சாலப் பரிந்து" என்பது, அதற்கு முன்னால் எனக்கு உயிராக இருந்த வரி. அந்த நாட்களில் அதை யார் பாடினாலும் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். குழந்தை கேட்குமுன்பே பசியை நினைத்து ஊட்டுகிறவள்தானே தாய், அப்படியென்றால் நான் யார் என்று தோன்றும்.

இதையெல்லாம் பக்தி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தன்னைத் தாழ்த்திக்கொள்வது அடியாருக்கு அழகு என்று கேட்டு வளர்ந்தவள் நான். நாயேன், சிறியேன், பாவியேன் என்று பெரியவர்களே பாடியிருக்கும்போது நான் என்னைத் திட்டிக்கொள்வதில் என்ன தப்பு இருக்க முடியும்? யாராவது "விடும்மா, உன் மேல என்ன இருக்கு" என்று சொன்னால், அவர்களுக்கு ஆன்மிகம் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

என் அப்பாயி லால்குடிப் பக்கத்திலிருந்து வந்து கொஞ்ச நாள் எங்களோடு தங்கியிருந்தாள். அப்பாவின் அம்மா. பள்ளிக்கூடம் போகாதவள், ஆனால் கோயில் கோயிலாகக் கதை கேட்டு வளர்ந்தவள். நான் டின்னைத் திருப்பி வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நாள் மத்தியானம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏன் தாயி, வந்திக் கிழவி கதை தெரியுமில்ல?" என்றாள்.

தெரியாமல் என்ன? திருவிளையாடல் கதைகளில் 61வது, மண் சுமந்த கதை. மாணிக்கவாசகரைப் பாண்டியன் வதைக்கிறான், வைகை கரையை உடைத்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு ஒரு பங்கு என்று மதுரைக்காரர்கள் எல்லோரும் கரையை அடைக்க வேண்டும் என்று உத்தரவு. புட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்குப் பிள்ளை குட்டி யாரும் இல்லை. அவள் பங்கு மட்டும் அடைபடாமல் கிடக்கிறது. சோமசுந்தரர் கூலியாளாக வந்து நிற்கிறார். உதிர்ந்த புட்டைக் கூலியாகக் கொடுத்தால் போதும் என்கிறார்.

அப்பாயி சொன்னது இதுதான்: "அவளால மண்ணு சுமக்க முடியல. வயசாச்சு, கூட ஆளில்ல. அதுக்காக சாமி அவளத் திட்டுச்சா? கூடையத் தூக்கிக்கிட்டு வந்து நின்னுச்சு. முழுப் புட்டு வேணும்னும் கேக்கல, உதிர்ந்தது போதும்னுச்சு. உனக்குப் பால் உதிர்ந்த புட்டா வருது, அம்புட்டுதான். வர்றத நீ குடு. மிச்சத்துக்கு அவன் கூடைய அனுப்பியிருக்கான்" என்று சொல்லி, அந்த டின்னை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தாள்.

அந்தக் கதையை அதற்கு முன்னால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கூலியாளைப் பாண்டியன் அடித்த பிரம்படி எல்லோர் முதுகிலும் விழுந்த அதிசயத்தைத்தான் எப்போதும் கவனித்திருக்கிறேன். வந்தியைக் கவனித்ததே இல்லை. அவள் செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை. சோம்பலால் இல்லை, முடியாததால். அந்த முடியாமையைக் கடவுள் எதிலும் கணக்கு வைத்ததாகக் கதையில் ஒரு வரிகூடக் கிடையாது.

அதற்குப் பிறகு, எனக்குத் தெரிந்த மற்ற கதைகளையும் படுக்கையில் இருந்தபடியே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். சீர்காழியில் மூன்று வயதுச் சம்பந்தர் குளக்கரையில் நின்று அழுகிறார். அப்பா தண்ணீரில் மூழ்கியிருக்கிறார், பெற்ற அம்மா பகவதியார் அங்கே இல்லை. உமையம்மை பொற்கிண்ணத்தில் பாலைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். கரையேறிய அப்பாவுக்குக் கோபம். குழந்தையின் வாயோரம் பால் வழிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, யார் கொடுத்த எச்சில் பாலைக் குடித்தாய் என்று சின்னக் குச்சியை ஓங்குகிறார். குழந்தை வானத்தைக் காட்டித் "தோடுடைய செவியன்" என்று பாடுகிறது. இந்தக் கதையில் குழந்தையின் பசி தீர்ந்தது அம்மாவின் மார்பில் இல்லை, இன்னொரு கையிலிருந்த கிண்ணத்தில். அதனால் பகவதியார் குறைந்த தாய் என்று சைவ உலகம் ஒருநாளும் சொன்னதில்லை. அங்கே குச்சியை ஓங்கியது மனிதர், சாமி இல்லை.

அப்புறம் எங்கள் ஊர்ச் சாமி. மலைக்கோட்டையில் இருக்கும் சிவனுக்குத் தாயுமானவர் என்றே பெயர். ரத்னாவதி என்ற செட்டிப்பெண் நிறைமாதமாக இருக்கிறாள். பிரசவம் பார்க்கப் பூம்புகாரிலிருந்து கிளம்பிய அவள் அம்மா, காவிரியில் வெள்ளம் போவதால் அக்கரையில் மாட்டிக்கொள்கிறாள். இங்கே வலி எடுத்துவிட்டது. சிவன் அந்த அம்மாவின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்து, வெள்ளம் வடியும்வரை கூடவே இருக்கிறார். கோயில் விழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்று இதை இன்றும் நடத்துகிறார்கள். சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் காணிக்கை. என் அத்தையும் எனக்காக வேண்டிக்கொண்டிருந்தார். சிசேரியன் ஆகிவிட்டதே, வேண்டுதல் பலிக்கவில்லையோ என்று அதிலும் நான் ஒரு குறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். "தாயும் பிள்ளையும் முழுசா வீடு வந்தாச்சு, இதுக்கு மேல என்ன சுகம்?" என்று சொல்லிவிட்டு அத்தை தாரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பத்து மாதம் இதே தெருக்களில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மலைதான். ஆனால் அந்தக் கதையில் கடவுள் செய்த வேலைகள் என்ன என்று அப்போதுதான் யோசித்தேன். வெந்நீர் வைப்பது, துணி மாற்றுவது, இடுப்பைப் பிடித்துவிடுவது, பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவது, இரவில் விழித்திருப்பது. அவளுக்கு உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. உன் பக்தி போதுமா என்று கேட்கவில்லை. பிரசவ வீட்டில் ஒரு அம்மா செய்கிற வேலைகளைச் செய்துவிட்டு, உண்மையான அம்மா வந்ததும் மறைந்துவிட்டார். கடவுளின் கருணை என்று இத்தனை வருடமாகப் பெரிய வார்த்தைகளில் சொல்லி வந்தேனே, அது வீட்டுக்குள் வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று புரிந்தது. அத்தை வைத்துக் கொடுத்த வெந்நீரையும், ராத்திரி என் கணவர் குழந்தையை வாங்கிக்கொண்டு "நீ படு" என்று சொன்னதையும் அதற்குப் பிறகு நான் வேறு விதமாக வாங்கிக்கொள்ள ஆரம்பித்தேன். அதுவரை அவர்கள் உதவும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

கதை கேட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மனம் தெளிந்த நாட்கள் இருந்தன, மறுபடி இருண்ட நாட்களும் இருந்தன. தடுப்பூசிக்குப் போன இடத்தில், என் முகத்தைப் பார்த்த நர்ஸ் ஒருவர் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். பத்துக் கேள்விகள். 1987ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவானது, பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். சிரிக்க முடிகிறதா, தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று போகும் கேள்விகளுக்கு நடுவில், தப்பு நடந்தபோது காரணமே இல்லாமல் என்னை நானே குறை சொல்லிக்கொண்டேன் என்ற மாதிரி ஒன்று இருந்தது. பேனாவை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பக்தி என்று நினைத்திருந்த ஒன்றை, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பது போல ஒரு மருத்துவத் தாள் கேட்டது.

பிரசவமான மூன்றாம் நாளுக்கு மேல் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும் என்றார் டாக்டர். அதைத் தாண்டியும் இருந்தால் அது நோய், வைத்தியம் உண்டு என்றார். எனக்கு ஆலோசனையும் கொஞ்ச காலம் மாத்திரையும் தேவைப்பட்டன. பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டர் பார்த்துத்தான் கொடுப்பார். கூடவே ரத்தப் பரிசோதனையில் எனக்குத் தைராய்டும் இருப்பது தெரிந்தது. கொடுக்க மனசில்லாததால் பால் வரவில்லை என்று நினைத்து அழுதவளின் உடம்பில் ஒரு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு உதவிய சில பழக்கங்களை எழுதுகிறேன். எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது, ஆனால் எதிலாவது ஒரு பிடி கிடைக்கலாம்.

முதலில், வாக்கியத்தை முடிக்கப் பழகினேன். "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு" என்பது பாதி வாக்கியம். அதற்கு அடுத்த அடி, "தாயிற் சிறந்த தயாவான தத்துவனே". மாணிக்கவாசகர் தன்னைத் தாழ்த்திக்கொள்வது அங்கேயே கிடப்பதற்காக இல்லை. தன்னை எடுத்துக்கொண்டவன் எவ்வளவு பெரியவன் என்று சொல்லப் போகிற வழியில்தான் அந்தச் சொல் வருகிறது. "பாவியேனுடைய ஊனினை உருக்கி" என்று பாடுகிற அதே பாட்டில், கடவுள் தனக்குப் பின்னாலேயே சுற்றிச் சுற்றி வந்ததாகவும் பாடுகிறார். நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு என்னை அடிக்க அதைப் பயன்படுத்தினேன். இப்போதும் மனம் முதல் பாதியில் நின்றால், வாய்விட்டு அடுத்த அடியைச் சொல்லிவிடுவேன். சில நாள் முழுச் சிவபுராணம் முடியாது. அன்றைக்கு அந்த ஓர் அடிதான் பூஜை.

இரண்டாவது, பிரித்துப் பார்ப்பது. உள்ளே குற்றவுணர்ச்சி கிளம்பியதும், இதில் சரி செய்ய ஏதாவது இருக்கிறதா, யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். கணவரிடம் எரிந்து விழுந்திருந்தால் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் அது பசி, அல்லது தூக்கமின்மை. களைப்புக்குக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன், கேட்க வேண்டியது ஒரு தட்டுச் சோறு. இது எனக்கு மிகவும் உதவியது. குற்றத்தையும் இயலாமையையும் ஒரே இடத்தில் போட்டுக் குழப்பிக்கொண்டால் இரண்டுக்கும் வைத்தியம் கிடைக்காது.

மூன்றாவது, வேலையைப் பங்கு பிரித்தது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மனம் மாறுவதற்கு முன்னால் தூக்கம் மாற வேண்டும். ராத்திரியின் முதல் பாதி என் கணவருடையது என்று முடிவு செய்தோம். நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினால் மறுநாள் உலகமே வேறு மாதிரி இருக்கும். புட்டி வேண்டாம், குழந்தை மார்பை மறந்துவிடக்கூடும் என்று பாலாடையில் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணம் எங்கள் பக்கத்து வீடுகளில் பழைய பொருள்தான், ஆனால் அவருக்குப் புதிது. பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, மூக்கைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாய்த்துக் காத்திருக்க வேண்டும். பிள்ளை தானாக நக்கிக் குடிக்கும். ஊற்றினால் புரையேறிவிடும். ஒவ்வொரு முறையும் பாலாடையைக் கொதிக்க வைக்க வேண்டும். முதலில் பாதி பால் அவர் சட்டையில்தான். பிறகு என்னைவிடப் பொறுமையாகக் கொடுக்கக் கற்றுக்கொண்டார். பிள்ளைக்கு ஊட்டும் உரிமையை விட்டுக் கொடுக்கிறோமோ என்று எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. பொற்கிண்ணத்தை நினைத்துக்கொண்டேன்.

எடை பார்ப்பதையும் குறைத்தோம். தினமும் தராசில் போட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது. வாரம் ஒரு தடவை போதும் என்றார் டாக்டர். நடுவில், ஒரு நாளைக்கு ஆறு முறையாவது துணி நனைகிறதா என்று பார்த்தால் போதும். கேட்பவர்களுக்கு ஒரே பதிலைத் தயாராக வைத்திருந்தோம்: "டாக்டர் சொன்னபடி குடுக்கறோம், எடை ஏறுது." அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. அதையும் பாதி நேரம் அத்தையே வாசலில் வைத்துச் சொல்லி அனுப்பிவிடுவார்.

இன்னொன்று, எனக்கு நானே பேசும் குரல். என்னைத் திட்டும் குரல் அந்தப் பெரியவரின் குரலில்தான் வரும். அதைத் துரத்த முடியவில்லை, ஆனால் பக்கத்தில் இன்னொரு குரலை உட்கார வைக்க முடிந்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, அப்பாயி கூப்பிடுகிற மாதிரியே, "ஏன் தாயி, இன்னைக்கு எவ்வளவு செஞ்சிருக்க, பாரு" என்று சொல்லிக்கொள்வேன். சத்தமாகச் சொன்னால்தான் வேலை செய்கிறது, மனதுக்குள் சொன்னால் திட்டும் குரல் ஜெயித்துவிடும். முதலில் நடிப்பது மாதிரி இருக்கும். பரவாயில்லை, சொல்லிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் உடம்பு கேட்க ஆரம்பிக்கிறது.

கடவுள் மன்னிப்பார், இரங்குவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் மனிதர்களுக்குப் பொறுப்புப் போய்விடாதா என்று எங்கள் வீட்டிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் அனுபவத்தில் நடந்தது தலைகீழ். என்னைத் திட்டிக்கொண்டிருந்த வாரங்களில் மார்பில் போட்டுக்கொள்ளவே பயமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் தோல்வியைப் பார்க்க வேண்டுமே என்ற பயம். வருவதைக் கொடுத்தால் போதும் என்று மனம் ஆனபிறகுதான் பிள்ளையை மணிக்கணக்கில் மேலே போட்டுக்கொண்டு படுக்க முடிந்தது. பால் கொஞ்சம் கூடவும் செய்தது. ஒருபோதும் முழுதாகப் போதவில்லை. பாதி என் பால், பாதி பவுடர் என்றுதான் அவள் வளர்ந்தாள். ஆறு மாதத்தில் கேழ்வரகுக் கூழ் ஆரம்பித்ததும் அந்தக் கணக்கே மறந்துபோனது. இப்போது பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போகிற பிள்ளை.

இன்னொரு பேச்சையும் கேட்டிருக்கிறேன், அதை என்னால் ஏற்க முடியவில்லை. சைவத்தில் அறக்கருணை, மறக்கருணை என்று சொல்வார்கள். அணைத்து அருள்வது ஒன்று, தண்டித்துத் திருத்துவது இன்னொன்று. பிரசவத்தில் கஷ்டப்பட்டவளிடமும், பிள்ளையை இழந்தவளிடமும் போய், இது மறக்கருணை, உன் வினையைக் கழிக்கிறான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துத் தானாக அப்படி உணர்ந்தால் அது அவருடைய ஞானம். படுத்திருப்பவளிடம் மற்றவர் போய்ச் சொன்னால் அது கொடுமை. ரத்னாவதியின் வாசலில் நின்று, உன் வினைதான் காவிரியில் வெள்ளமாக வந்தது என்று தாயுமானவர் சொல்லவில்லை. உள்ளே போய் வேலையைப் பார்த்தார்.

அப்பர் வயிற்று வலியில் துடித்தபோதும் அவருடைய அக்கா திலகவதியார் திருநீற்றைக் கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். இத்தனைக்கும் தம்பி சமயமே மாறிப் போயிருந்தவர். வீட்டு வாசலில் வைத்து அவரை விசாரணை செய்ததாகக் கதை இல்லை. உடம்பும் மனமும் வலிக்கிறவரிடம் நம் பெரியவர்கள் நடந்துகொண்ட விதம் இது. நமக்கு நாமே அப்படி நடந்துகொள்ள ஏன் தயங்க வேண்டும்?

இதைப் படிக்கும் பெண்ணுக்கும், அவளோடு இருப்பவர்களுக்கும் ஒரு விஷயம். அழுகையும் தன்னைத் திட்டிக்கொள்வதும் இரண்டு வாரத்தைத் தாண்டினால், பிள்ளையைப் பார்க்கவே மனம் வராவிட்டால், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் பிடிக்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். நான் இல்லாவிட்டால் நல்லது என்றோ, பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள். கூச்சமாக இருந்தால் கணவரையோ அம்மாவையோ பேசச் சொல்லுங்கள், அவர்களும் பேசலாம்.